முருகேசன் கொடுத்த நாய்

ராஜபாளையம் மில்லில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன் முருகேசன். தனிக்கட்டை. தன் ராஜபாளையம் நாயை யாரையும் தொடக்கூட விடமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஏலே, இவள நீயே வச்சுக்கோ. நல்லாப் பாத்துக்கோ" என்றான்.

எனக்கோ அந்த நாய் மேல் பல வருட ஆசை. அதன் வாயைத் திறந்து பல் பார்த்தேன். ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் தருகிறாய் என்று கேட்கவே இல்லை. கேட்டால் மனம் மாறிவிடுவானோ என்ற பயம்.

வாசலில் நாயைப் பார்த்ததும் என் மனைவி கேட்டாள்: "அந்த அண்ணனுக்கு உசுரே இதுதான? இதையும் குடுத்துட்டு அவரு அங்க என்ன செய்யப் போறாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாயோடு அதே ஆட்டோவில் திரும்பினேன். கதவைத் திறந்தவனிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "சாகணும்னு நெனைக்கியாலே?"

"ஆமாலே" என்று நாயைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அன்று அவனை விட்டு நான் நகரவில்லை. மறுநாள் இருவரும் லீவு போட்டு மனநல மருத்துவரிடம் போனோம். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறான். சில நாள் சிரிக்கிறான், சில நாள் போனை எடுப்பதில்லை. எடுக்காத நாளில் நான் பைக்கை எடுத்துவிடுவேன்.

அன்று நாயின் பல்லைக்கூடப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.