எதிரே உட்கார்ந்தவளின் கை

மகளுக்கு ஏடு தொடக்க இரண்டு கிழமை இருக்கும்போதுதான் அவள் இடது கையால் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தது. கண்டுபிடித்தது நான் அல்ல. சனிக்கிழமை நகரின் மறுபக்கத்தில் உள்ள லாசாலில் இருந்து வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச பாரும், இவள் எல்லாத்துக்கும் இடக்கையைத்தான் நீட்டுறாள். நீர் காணேல்லையோ?"

"சின்னப்பிள்ளைதானே மச்சாள்."

"ஓம், சின்னப்பிள்ளைதான். விஜயதசமிக்கு ஐயர் அரிசியில எழுதுவிக்கேக்க இந்தக் கையை நீட்டினாளெண்டா சனம் என்ன கதைக்கும்? தாய் யூனிவர்சிட்டிக்குப் போறா, பிள்ளையைப் பாக்க நேரமில்லை எண்டுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மகளின் கையிலிருந்த இடியப்பத்தை வாங்கி வலது கையில் வைத்தேன். அவள் அதைப் பொறுமையாக இடது கைக்கு மாற்றினாள்.

மச்சாள் சொன்னதில் பாதி உண்மை. அப்போது நான் ஓவிய வரலாற்றில் ஒரு பாடம் எடுத்திருந்தேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மன் நகரம் ஒன்றில் அச்சகங்களுக்குப் படம் வரைந்த ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். மூலிகை நூல், செபப் புத்தகம், சமையல் நூல், எது வந்தாலும் வரைந்திருக்கிறார். மரக்கட்டையின் மேல் மையால் அவர் வரைவார். இன்னொருவர் கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்கி எடுப்பார். கட்டையில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினால் இடம் வலமாகிவிடும். அதனால் அவர் எல்லாவற்றையும் மாற்றியே வரையப் பழகியிருந்தார். காகிதத்தில் வலது கை வர, கட்டையில் இடது கை.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி எனக்குக் கிடைத்தவை இரண்டே தகவல்கள். தேவாலயப் பதிவேட்டில் ஒரு திருமணம். நகரசபைக்குக் கொடுத்த ஒரு முறைப்பாடு: யாரோ என் படங்களைத் திருடுகிறார்கள்.

அந்த முறைப்பாட்டை வாசித்த பிறகு நான் அவருடைய புத்தகங்களைத் துப்பறிகிறவள் போலப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு புத்தகத்தில் ஒரு தாய் வலது கையால் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். சில வருடம் கழித்து வந்த இன்னொரு புத்தகத்தில் அதே தாய், அதே கரண்டி, ஆனால் இடது கை. எழுதுகிறவன், ரொட்டி வெட்டுகிறவன், எல்லோருக்கும் இடது கை. அச்சடித்த படத்தை அப்படியே பார்த்து இன்னொரு கட்டையில் வரைந்திருக்கிறார்கள். அச்சடித்ததும் அது திரும்பிவிட்டது. இடது கைதான் திருட்டுக்குச் சாட்சி என்று எழுதிவைத்தேன்.

அந்தப் புத்தி அப்படியே மகள் பக்கம் திரும்பியது. இவள் யாரைப் பார்த்துச் செய்கிறாள்?

பகல் முழுவதும் அவள் இருப்பது வில்லரேயில் உள்ள கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில். ஒருநாள் கூட்டிவரும் நேரத்துக்கு முன்பே போய், கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்க்கும் பெண் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடது கையால். பிறகு மகளின் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். அதுவும் இடது கையால்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், முடிந்தவரை மரியாதையாகக் கேட்டேன், பிள்ளை உங்களைப் பார்த்துப் பழகியிருப்பாளோ என்று. அவர் கோபிக்கவில்லை. பிள்ளைகள் எனக்கு எதிரேதான் உட்காருகிறார்கள், என்றார். எதிரே இருப்பவரைப் பார்த்துச் செய்யும் பிள்ளை கண்ணாடிபோலச் செய்யும். என்னைப் பார்த்துப் பழகியிருந்தால் அவளுக்கு வலது கை அல்லவா வந்திருக்கும்?

பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள எங்கள் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதுவே மனதில் ஓடியது. வீட்டில் அவளுக்கு எதிரே உட்காருவது யார்? நான்தான். பால் குடிப்பதை நிறுத்திய நாளிலிருந்து சின்ன மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, என் வலது கையால் எடுத்துக் காட்டி, "இப்பிடிச் சாப்பிடவேணும்" என்று சொல்லிக்கொடுத்தவள். இதை மச்சாளிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நாள், தோளோடு தோள் ஒட்டி, என் வலது கை அவளுக்கு நன்றாகத் தெரியும்படி சாப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடது கையாலேயே சாப்பிட்டாள். அப்படியென்றால் காரணம் கார்டெரியும் இல்லை, நானும் இல்லை. ஆனால் அப்படி முடிவெடுக்கப் பத்து நாள் போதுமா என்ற சந்தேகம் போகவில்லை.

விஜயதசமி அன்று கோயிலில் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்ததும் மகளை மடியில் வைத்து ஐயர் முன்னால் உட்கார்ந்தேன். மச்சாள் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தார். ஐயர் மகளின் வலது விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினார். அவள் அழவில்லை. எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நினைத்தபோதுதான் என் கையைக் கவனித்தேன். பட்டுப்பாவாடை மடிப்புக்குள் அவளுடைய இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. விரல் பட்ட இடம் சிவந்திருந்தது.

விட்டேன். அந்தக் கை நேரே தட்டுக்குப் போய் அரிசியில் நீளமாக ஒரு கோடு இழுத்தது.

ஐயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இவ இடக்கைதான் ஐயா," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பலமாகக் கேட்டது.

"அப்ப இந்தக் கையாலயும் ஒருக்கா எழுதுவம்," என்று அந்த விரலையும் பிடித்து எழுதுவித்தார். மனதாரச் சொன்னாரா, வரிசை நீளம் என்பதால் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

காரில் மச்சாள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில், "ஐயரும் இடக்கைக்காரரோ தெரியேல்லை," என்றார்.

கட்டுரையில் 'சாட்சி' என்று எழுதியிருந்த இடத்தை 'சாட்சியாக இருக்கலாம்' என்று மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை மேசையைச் சுற்றிப் போய் மறுபடியும் மகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தால் அவளுடைய முகம் தெரிவதில்லை.