இன்கா முடிச்சும் இடதுகைப் பின்னலும்

இன்கா மக்கள் மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. அவர்களுடைய ராஜ்யம் அழிந்து ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது. தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலைமேல், நான் ஒருநாளும் போகப்போகாத இடத்தில் இருந்தார்கள். என்னை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் பெயரை எங்காவது பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தேன். எழுதிக் கொடுத்ததைக் கணினியில் அடித்து, படம் வைத்து, பக்கம் கட்டித் தரவேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்களுக்குக் காலண்டர் வேலைதான் ஓடும். அதற்கு நடுவே முதலாளி ஓர் ஆர்டர் பிடித்து வந்தார். பள்ளி ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுப்பார்களே, வாங்கின பிள்ளை அட்டையைக்கூடத் திறக்காமல் பரணில் போடுமே, அந்த மாதிரி ஓர் அறிவுப் புத்தகம். உலகத்துப் பழைய நாகரிகங்கள் பற்றியது. எகிப்தும் சுமேரியாவும் முடிந்து இன்காவுக்கு வந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது.

மெய்ப்புத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் சத்தமாக வாசிப்பேன். கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் மாட்டும். கேட்பதற்கு என் மனைவி இருந்தாள். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறவள். சின்ன வெடிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, அவற்றின் திரிகளை நடுவில் சேர்த்து, நூலால் இறுக்கிப் பின்னிக்கொண்டே போகும் வேலை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்றாலும் கேள்வி கேட்பதில் என் முதலாளியைவிடக் கெட்டிக்காரி.

இன்காக்கள் மலைக்குளிரில் உருளைக்கிழங்கை உறைய வைத்து, காலால் மிதித்துத் தண்ணீரை வடித்து, வெயிலில் உலர்த்தி வருடக்கணக்கில் சேமித்தார்கள் என்று ஒரு பத்தி முழுக்க வாசித்தேன்.

“வத்தல் போட்டுருக்காக,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

சுண்ணாம்போ காரையோ இல்லாமல் கல்லோடு கல்லை இழைத்து அவர்கள் எழுப்பிய சுவரைப் பற்றி வாசித்தபோது அவள் நம்பவில்லை.

“அது எப்படிங்க நிக்கும்?”

“பூகம்பம் வந்தா கல்லு கொஞ்சம் ஆடிட்டு, திரும்ப அதே இடத்துல உக்காந்துக்கிருமாம்.”

“எங்க கம்பெனிச் செவரு லாரி போனாலே ஆடுது.”

அவளுக்கு மிகவும் பிடித்தது புல் பாலம். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே புல்லைக் கயிறாகத் திரித்து, அந்தக் கயிறுகளைப் பின்னித் தொங்குபாலம் கட்டினார்கள். சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். பாலம் நைந்துபோகும் முன் புதிதாகப் பின்னிவிட வேண்டும். பின்னுகிறவர்களை நம்பி ஊரே மேலே நடந்திருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். அந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

பிறகு முடிச்சுக் கயிறு வந்தது. இன்காக்களுக்கு எழுத்து கிடையாது. ஒரு தடித்த கயிற்றில் பல நிறச் சிறு கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் முடிச்சுப் போட்டுத்தான் எல்லாவற்றையும் பதிந்து வைத்தார்கள். அதற்குக் கீப்பு என்று பெயர். எந்த ஊரில் எத்தனை பேர், யார் வீட்டிலிருந்து அரசாங்க வேலைக்கு ஆள் போயிருக்கிறது, யார் பிறந்தார், யார் செத்தார், எல்லாம் முடிச்சில் இருந்தது. வேலைக்குப் போனவனுக்கு அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து சாப்பாடு வரும். அவனுடைய நிலத்தை ஊரார் உழுது வைப்பார்கள். ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி அந்தக் கயிறுகளைத் தலைநகருக்குக் கொண்டுபோவார்கள்.

படத்தைக் காட்டினேன். அவள் தாளை விளக்குப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தா, இந்த ரெண்டு கயிறு மட்டும் பீச்சாங்கை ஆளு போட்டது,” என்றாள். “முடிச்சு மாத்தித் திரும்பியிருக்கு பாருங்க. என்னையமாதிரி ஒருத்தி அங்கனயும் இருந்துருக்கா.”

அவளுக்கு இடது கைதான் முந்தும். சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவாள், அதுவும் சின்ன வயதில் அடிவாங்கிப் பழகியது. மற்றவர்கள் பின்னும் சரத்தில் நூல் இடமிருந்து வலமாக ஏறும். இவள் பின்னினால் வலமிருந்து இடமாக ஏறும். வெடிப்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் போர்மேன் அதை எடுத்துப் பார்த்து, “என்னம்மா, கண்ணாடியில பாத்த மாதிரி பின்னி வச்சிருக்க,” என்று தினமும் ஒரு குத்தல் விடுவாராம். கூடவேலை பார்க்கிற பெண்கள் எந்தக் குவியலில் இருந்தும் இவள் சரத்தைத் தனியாக எடுத்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் அறையில் நாலு பேர்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். சீசன் நேரத்தில் அது யாருக்குக் கட்டுப்படியாகும்? வேனில் அடைத்து ஆட்களைக் கொண்டுவருவார்கள். ரிஜிஸ்டரில் நாலு பேர் இருப்பார்கள், மிச்சப்பேர் இருக்கமாட்டார்கள். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் அந்த மிச்சப்பேர் வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். என் மனைவி அந்த மிச்சப்பேரில் ஒருத்தி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் பேசாமல்தான் இருந்தேன்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் முற்பகல் நான் அடித்துக்கொண்டிருந்த வரி இப்போதும் மனப்பாடம். ‘இவ்வளவு பெரிய பேரரசில் கணக்கில் வராத மனிதர் ஒருவரும் இல்லை.’ முற்றுப்புள்ளி வைக்கும்போது முதலாளி மேசையில் தொலைபேசி அடித்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்துவிட்டது. கம்பெனிப் பெயரைச் சொன்னதும் முதலாளி என்னைப் பார்த்தார். தன் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார்.

அப்போதுதான் நான் ஒரு தப்பைச் செய்தேன். எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கம்பெனியில் சத்தம் கேட்டால் தப்பித்தவர்கள் ரோட்டுக்கு வரமாட்டார்கள். கருவேலங்காட்டுக்குள் விழுந்து, கரிசல் காட்டுக்குக் குறுக்கே ஓடி, நேரே ஊருக்குத்தான் வருவார்கள். அதனால் வீட்டு ஆட்களும் கம்பெனிக்குப் போகாமல் ஊர் முக்கில் போய் நிற்பார்கள். கம்பெனிக்குப் போவது கெட்டதை நாமே தேடிப்போவது மாதிரி. நானும் ஊர் முக்குக்குத்தான் போனேன்.

அங்கே ஐம்பது பேர் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் ஒரு புடவை தெரியும். யார் என்று அடையாளம் தெரிகிறவரைக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பிறகு ஒரு வீட்டார் மட்டும் ஓடுவார்கள். செருப்பில்லாமல், காலெல்லாம் முள் கிழித்து, ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கடைசியாக வந்தவர்களில் இவளோடு வேனில் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளை மறித்துக் கேட்டேன்.

“பத்து மணிக்கு மேல போர்மேன் மதினிய வேற ரூமுக்கு அனுப்பிட்டாருண்ணே. எந்த ரூமுன்னு நான் பாக்கலயே,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வரச்சொல்லி அவளையே வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வெடிமருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து நாலு பேரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தீயணைப்பு ஆட்கள் குழாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி இன்னோர் அறை, தீ எட்டாமல், அதிர்ச்சியில் மட்டும் கூரை இறங்கி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கம் ஓர் ஆள்கூட இல்லை.

போர்மேன் முதல் சத்தத்திலேயே ஓடிவிட்டார். ஆபீஸ் கணக்கர்தான் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கெட்டவர் இல்லை.

“அந்த ரூமுல யாரு இருந்தாக?” என்று கேட்டேன்.

“அது இன்னைக்கிப் பூட்டின ரூம் தம்பி. பாருங்க, ஆளே போடல.”

“என் வீட்டுக்காரிய பத்து மணிக்கு ரூம் மாத்திருக்காக.”

“உங்க வீட்டுக்காரி பேரே இதுல இல்லையே. எங்கனயாச்சும் ஓடிப்போயிருப்பாக. ஊருக்குப் போய்ப் பாருங்க.”

நான் கத்தினேன். கெட்டவார்த்தை பேசினேன். ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினார். அவர் தள்ளிய தள்ளில் நான் போய் விழுந்தது அந்த இடிந்த அறையின் வாசல் திண்டுக்குப் பக்கத்தில். தண்ணீரில் ஊறிப்போய்ச் சரங்கள் சிதறிக் கிடந்தன. கையில் ஒன்று அகப்பட்டது.

நூல் வலமிருந்து இடமாக ஏறியிருந்தது.

இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். முடித்த சரத்தை அன்றன்றைக்கே அறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ராத்திரிக்கு ஒரு துண்டுகூட அங்கே தங்கக்கூடாது. அப்படியென்றால் இது இன்றைக்குப் பின்னியது. பூட்டின அறையில், பேர் இல்லாத ஒருத்தி, இன்றைக்குப் பின்னியது.

தீயணைப்பு அதிகாரியிடம் ஓடினேன். அவர் முகத்துக்கு நேரே சரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

“என்னய்யா இது?”

“என் வீட்டுக்காரி பின்னுனது சார். இன்னைக்கிப் பின்னுனது. அவ அந்த ரூமுக்குள்ளதான் இருக்கா.”

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் இன்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சத்தியமாகச் சொன்னேன். ஒரு தேசத்தையே முடிச்சை வைத்து ஆண்டிருக்கிறார்கள், இதில் எல்லாம் இருக்கிறது, பாருங்கள் சார் என்று என்னென்னவோ உளறினேன். அப்போது என்னோடு வந்த பெண் கம்பி வேலியைத் தாண்டி வந்து சரத்தை வாங்கிப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுத் தெளிவாகப் பேசினாள்.

“இது அவுக கைதான் சார். இந்தக் கம்பெனியில பீச்சாங்கையில பின்னுறது அவுக ஒருத்திதான்.”

அதிகாரி சரத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழாய் சுருட்டியவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் அவளை எடுத்தார்கள். கூரையின் ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து நின்றதால் அதற்கடியில் கிடந்தாள். முகமெல்லாம் சாந்துப்பொடி. உயிர் இருந்தது. இடது கை மட்டும் உத்திரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது கண்ணைத் திறந்து, “எம்புட்டு நேரமா கூப்புடுறேன், எங்கன போனீக?” என்று கேட்டாள். ஊர் முக்கில் நின்றதை என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் நாலு பேர் இறந்ததாகவும், அவ்வழியே சென்ற ஒரு பெண் காயம் அடைந்ததாகவும் போட்டிருந்தது. அவ்வழியே சென்ற பெண். மூன்று வருடமாகத் தினமும் விடிவதற்கு முன் வேன் ஏறி அவ்வழியே சென்றவள். இன்காக்கள் கயிற்றில் அவளுக்கு ஒரு முடிச்சாவது இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அச்சகத்துக்குப் போனேன். இன்கா பாடம் பாதியில் நின்றிருந்தது. கடைசிப் பத்தியில் புத்தகக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘எழுத்தறியாதிருந்தது இந்நாகரிகத்தின் பெருங்குறை.’ என் வேலையில் அதுவரை ஒருவர் எழுதியதில் கைவைத்ததில்லை. அந்த வரியை அழித்துவிட்டுப் பக்கத்தைக் கட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை யார் வாசிக்கப்போகிறார்கள்?

அவளுடைய இடது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. சித்திரை பிறந்ததும் வேலைக்குப் போகிறேன் என்றாள். நான் சண்டை போட்டேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். “வேற என்ன வேல இருக்கு இங்கன, சொல்லுங்க,” என்று கேட்டாள். அதே வேன் வாசலில் வந்து நின்றது.

போவதற்கு முன் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து, சின்னக் குச்சிகளைத் தரையில் அடுக்கி வைத்துக்கொண்டு வலது கையை முன்விட்டுப் பின்னிப் பழகினாள். முதலில் கோணல்மாணலாக வந்தது. பிறகு நேரானது. பழகி முடித்த அன்று ஒரு முழம் பின்னி என் மடியில் போட்டு, “இப்பப் பாருங்க, எல்லாரும் பின்னுறமாதிரியே வந்துருச்சு. இனி போர்மேன் ஒண்ணும் சொல்லமாட்டாரு,” என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.

எடுத்துப் பார்த்தேன். நூல் இடமிருந்து வலமாக ஏறியிருந்தது. கடைசியில் மட்டும் உன் அடையாளமாக ஒரு முடிச்சு மாற்றிப் போடு என்று கெஞ்சினேன். அதை அறுத்துக் கடாசிவிடுவார்கள் என்றாள். இனிமேல் அந்தக் கம்பெனியில் எந்த அறை வாசலில் எந்தச் சரத்தைக் கையில் எடுத்தாலும், அது அவள் பின்னியதா என்று எனக்குத் தெரியாது.