அண்ணர் கலந்த பாற்சீனி

அண்ணரின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் சிலர் ஒரு விஷயம் இதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுவீர்கள். தேடுங்கள், இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபடியே பக்கம் புரட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படிப் புரட்டுகிறவள்தான்.

எங்கள் அண்ணர் பருத்தித்துறைக்கு அருகே, உப்புக்காற்று வேலிகளைக் கறுக்கச் செய்யும் ஓர் ஒழுங்கையில் பிறந்தார். அவருக்குப் பன்னிரண்டும் எனக்கு ஏழும் ஆகியிருந்தபோது ஐயா காய்ச்சலில் விழுந்தார். மருந்து வந்தது. அதன் கசப்புத் தாங்காமல் ஐயா ஒவ்வொரு முறையும் துப்பினார். போத்தலில் பாதி மிச்சமிருக்க, ஐயா போய்விட்டார். அந்தப் போத்தலை அண்ணர் மறக்கவே இல்லை. பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து, மருந்து கலக்கப் படித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு டொக்டருடைய டிஸ்பென்சரியில் சேர்ந்தார். நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பின்னர் எங்கள் வீட்டு முன்னறை அவருடையதாயிற்று. காலையில் கரையோர ரயிலில் போவார், கோட்டையில் இறங்கி ட்ராம் எடுப்பார். மாலையில் அவர் வருவதற்கு முன் அவரது சட்டையின் மருந்து மணம் வாசலுக்கு வந்துவிடும்.

“மருந்து நல்லதெண்டால் மட்டும் காணாது, தங்கச்சி. அது போய்ச் சேரவேணும்,” என்பார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவின் கசப்பை மெல்லிய அரிசிமாத் தாளுக்குள் ஒளித்து விழுங்க வைத்தார். மீனெண்ணெயைப் பிசினோடு அரைத்துப் பாலாக்கினார். மூலத்துக்கு உள்ளே வைக்கும் கொக்கோ நெய்க் குளிகைகள் கொழும்பு வெக்கையில் பெட்டியிலேயே ஒழுகிப் போகும். அளவாகத் தேன்மெழுகு சேர்த்து அவற்றையும் நிமிர்த்தினார். “உடம்புக்குள்ள போய் உருகவேணும், அலுமாரிக்குள்ள இல்லை” என்று சிரிப்பார்.

தூள் மருந்துதான் அவரைப் படாதபாடு படுத்தியது. கடற்கரை ஈரம் தூளைக் கட்டியாக்கும். கட்டியின் ஒரு மூலையில் மருந்து முழுவதும் போய்க் குந்திக்கொள்ளும். அந்த மூலையைத் தின்ற பிள்ளைக்கு அதிகம், மற்றப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆகவே உரலைச் சூடாக்கி அரைப்பார், ஒரு வேளைக்கு ஒரு தாளாக மெழுகுத்தாளில் மடிப்பார், போத்தலின் அடியில் சுட்ட சுண்ணாம்பைத் துணியில் முடிந்து வைப்பார். காற்றையே சந்தேகித்த மனிதர் அவர். மனிதரை அவர் சந்தேகிக்கவில்லை. அதற்கு வீட்டில் நான் இருந்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயதில் தொய்வு என்கிற இழுப்பு தொடங்கியது. மூச்சு ஒவ்வொன்றும் கதவிடுக்கில் நுழையும் காற்றுப்போலக் கீச்சிட்டது. பெரியவர்களின் எபெட்ரீன் குளிசையை உடைத்தால் துண்டுகள் சரிசமமாக வரா. அண்ணர் அதைத் தூளாக்கித் தந்தார். மூச்சு முட்டு வந்தால் ஒரு தாள், அதற்கு மேல் கூடாது. பிள்ளைக்குச் சுகமாகவும் இருந்தது. ஒருநாள் பிள்ளையோடு டிஸ்பென்சரிக்குப் போய்த் தட்டியிடுக்கால் பார்த்தேன். உரலில் தீக்குச்சித் தலையளவு மருந்து. தகரத்திலிருந்து அதேயளவு வேறொரு வெள்ளைத் தூளை எடுத்துச் சேர்த்து அரைத்தார். உரலில் இருந்தது இரண்டு மடங்காக, இருந்ததன் அளவுக்கே மறுபடி சேர்த்தார். மறுபடியும். குவியல் வளர்ந்துகொண்டே போனது. அவர் திரும்பிய நேரம் தகரத்துக்குள் விரலை விட்டு நக்கினேன். இலேசாக இனித்தது.

அது உலகச் சண்டைக்காலம். கப்பல் வருவதும் தெரியாது, மருந்து வருவதும் தெரியாது. வந்த மருந்து பின்கதவால் போகிறதென்று ஊரெல்லாம் கதை.

“இஞ்சாரும், கூப்பனுக்குச் சீனி இல்லையெண்டு ஏன் அழுறீர்?” என்றார் என் கணவர். “கொட்டாஞ்சேனைக்குப் போம். உங்கட அண்ணர் தாள்தாளாய் மடிச்சு வைச்சிருக்கிறார்.”

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் பகிடியாக எடுக்கவில்லை; அண்ணரும் மருந்தை விற்றுவிட்டுச் சீனியால் நிரப்புகிறாரோ என்று நினைத்தேன். அண்ணரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

“என்ன அண்ணை, மருந்து கொஞ்சம், மற்றது கனக்கப் போலை கிடக்கு?”

“ஓம், கனக்கத்தான். அது பாற்சீனி, பாலில இருந்து எடுக்கிறது, பிள்ளை. கடுகளவு மருந்தை இருபது தாளுக்குப் பங்கு போட எந்தக் கத்தியாலும் ஏலாது. அதைச் சுமக்க ஒண்டு வேணும். ஒரேயடியாய்க் கொட்டினால் கலவாது, மருந்து ஒரு பக்கம் ஒளிச்சிடும். அதுதான் பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதி.”

விளக்கம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு மேல் சொல்கிறவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை ஒரு பிற்பகலில் பிள்ளைக்கு முட்டு வந்தது. வீட்டில் நானும் அவளும் மட்டும். பாதியும் சீனிதானே என்று இரண்டு தாளைத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்தேன், மூச்சு இறங்கவில்லை. சந்தேகம் ருசுவாகிவிட்டதென்று ஒருவகைச் சந்தோசம்கூட எனக்கு வந்தது. இன்னும் இரண்டு கொடுத்தேன்.

பிறகு மூச்சு இறங்கியது, ஆனால் பிள்ளையின் கை நடுங்கத் தொடங்கியது. சாப்பிட்டதைச் சத்தி எடுத்தாள். கண் மூடவில்லை. நெஞ்சில் கை வைத்தேன், உள்ளே ஒரு குருவி சிறகடிப்பதுபோல் இருந்தது. அயலவர் ஒருவர் ஓடிப்போய்ப் போன் பண்ண, டொக்டரும் அண்ணரும் டொக்டருடைய காரில் வந்தார்கள்.

டொக்டர் பிள்ளையைச் சோதித்துக்கொண்டிருக்க, அண்ணர் பாயருகே குனிந்தார். நாலு வெறும் தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“மருந்து கூடிப்போச்சு,” என்றார் டொக்டர். “எத்தனை தாள் குடுத்தனீர்?”

“ஒண்டு,” என்றேன்.

அண்ணர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததென்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இருக்கவில்லை.

“நிறுவையில நான் விட்ட பிழை, டொக்டர்,” என்றார். மிச்சத் தாள்களையும் அலுமாரியிலிருந்து எடுத்து, “இதுகளைக் கழிக்கவேணும்” என்று கொண்டுபோனார். நிறுத்துப் பார்க்க ஒரு தாளும் மிஞ்சவில்லை.

இரண்டு நாளில் மகள் எழும்பி விளையாடினாள். அண்ணருக்கு வேலை போயிற்று. “உம்மை நான் சந்தேகிக்கேல்லை. ஆனால் சனம் சந்தேகிக்கும்” என்று டொக்டர் சொன்னாராம். ஹெவ்லொக் டவுனில் பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றுபோனது. கை தவறுகிறவருக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று கேட்டார்கள். அண்ணர் பிறகு கலியாணமே முடிக்கவில்லை.

எங்கள் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாதான் அவரை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். “எங்கட கடேல வந்து இரிங்க. ஆக்கள் சொல்றது எனக்கென்னத்துக்கு?” ஒரு வருடம் அண்ணர் அங்கே போத்தல் மட்டும் கழுவினார். ஒருநாள் நானா தராசைத் தூக்கி அவர் முன்னால் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது இருபது தாள்கள் மடித்து அடுக்கியிருந்தன.

இத்தனை வருடமும் நான் நிம்மதியாக இருக்கவில்லை. அண்ணர் என்றைக்கோ சொல்லிவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகளைக் கதைக்கக் கூப்பிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்பேன். போன மாதம் மார்ச்சளி அவரைக் கட்டிலில் போட்டது. ஐந்தாம் நாள் காலை, “அண்ணை, அண்டைக்கு நான்…” என்று தொடங்கினேன். “பிள்ளைக்கு இப்ப முட்டு குறைவுதானே?” என்றார். “ஓம்” என்றேன். “அப்ப எனக்கு அதுவே காணும்” என்று கண்ணை மூடினார். அன்று மத்தியானம் போய்விட்டார். சாம்பல் அள்ளிக் காடாத்திய மறுநாள் அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து அந்த நாலு தாள்களைத் தேடினேன். வேட்டிகளை உதறிப் பார்த்தேன். இல்லை. தன்னைக் காக்க ஒரு சாட்சிகூட வைத்துக்கொள்ளாத மனிதரை அவர் செத்த பிறகும் சோதித்தேன்.

அண்ணரைத் தூக்கி எடுத்த தோள்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்ற நானாவுக்கும், ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்து பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டில், “அந்த ஒரு பிழையைத் தவிரத் தங்கமான மனுசன்” என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அதில் முதல் பாதியை இனிச் சொல்லாதீர்கள். பிழை என்னுடையது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை, கடைசிவரை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நேற்றுக் காலை அவளுக்கு இலேசாக முட்டு வந்தது. அண்ணர் கடைசியாக மடித்து வைத்த தூளில் ஒரு தாளை எடுத்து நீட்டினேன்.

“எத்தனை, அம்மா?”

“ஒண்டு.”

மற்றக் கையையும் விரிக்கச் சொன்னாள். விரித்துக் காட்டினேன். பிறகுதான் வாங்கினாள்.