என் வகுப்பு சேர்ந்த அந்துப்பூச்சிக் குழு

ஆசிரியர் வேலையில் பாடம் படிக்காத பிள்ளையை எப்படியாவது வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்; பாடத்தைத் தாண்டிக் கேட்கும் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டால் தப்பவே முடியாது. இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பிலும் அப்படி ஒன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். கை எப்போதும் மேலேதான். நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். அது உங்களைப் பார்க்கும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு வாய்த்தவள் பெயர் தர்ஷினி, ஐந்தாம் ஆண்டு.

நல்ல கேள்வி, உட்கார்

எங்கள் பள்ளி நடைபாதையில் இரவெல்லாம் விளக்கு எரியும். காலையில் சுவரில் அந்துப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற பிள்ளைகள் கடந்து போய்விடுவார்கள். தர்ஷினி நின்றுவிடுவாள். ஒருநாள் வகுப்பில் எழுந்து கேட்டாள்: "டீச்சர், பள்ளிக்கூட மணி அவ்ளோ சத்தமா அடிக்குது, இந்தப் பூச்சி அசைய மாட்டேங்குது. ஜாகா அங்கிள் கேட்டைத் திறக்க சாவிக்கொத்த எடுத்தா மட்டும் பறந்துருது. ஏன்?" ஜாகா என்றால் எங்கள் காவலர்.

"நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நம் தொழிலில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் நான் கைப்பையை வைப்பதற்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள்.

வேறு வழியில்லாமல் இணையத்தில் துழாவினேன். அந்துப்பூச்சிகளைப் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து, அதற்காகச் சண்டையும் போட்டுக்கொள்கிற ஒரு தமிழ்க் குழு அகப்பட்டது. கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். எங்கள் தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். புதன்கிழமை பள்ளி முடிந்ததும் கணினி அறையில், என் கணக்கில் மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், பிள்ளைகளின் பெயரும் படமும் இல்லாமல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செய்ங்க டீச்சர். ஆனா நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதுற மாதிரி மட்டும் எதுவும் நடக்க வேணாம்லா."

அவைத் தலைவர் அவர்களே

முதல் புதன்கிழமை, கேள்வியைத் தட்டச்சு செய்வதைவிடக் குரலில் பதிவு செய்து அனுப்பலாம் என்றேன். என் தப்பு அதுதான். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்த பிள்ளையிடம் ஒலிவாங்கியைக் காட்டினால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

தர்ஷினி நிமிர்ந்து நின்றாள். கைகளைக் கட்டினாள். "பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிமான்களே, நேரம் தவறா மணிக்காப்பாளர் அவர்களே, குழுமியிருக்கும் பூச்சி ஆர்வலர்களே..." என்று ஏற்ற இறக்கத்தோடு எல்லோரையும் வணங்கி, வாய்ப்பளித்தமைக்கு நன்றி சொல்லி, இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன் என்று முடித்தாள். அனுப்பியும் விட்டாள். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது, கேள்வியைக் கேட்கவே இல்லை.

குழுவை நடத்துபவர் கோயம்புத்தூரில் துணிக்கடை வைத்திருப்பவர். சற்று நேரத்தில் அவரும் குரலிலேயே பதில் அனுப்பினார்: "மணி அடிக்கறதுக்கெல்லாம் இங்க ஆளே இல்ல கண்ணு. நேரமாயிருச்சுன்னு யாரும் சொல்லமாட்டோம். மெதுவா கேள்வியக் கேளு."

சாப்பிட்டாச்சா?

செய்தி பரவி இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் புதன்கிழமைகளில் தங்க ஆரம்பித்தார்கள். பினாங்கில் பிறந்த எவருக்கும் சாப்பாட்டை விசாரிக்காமல் பேச்சைத் தொடங்க வராது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் "அங்கிள் சாப்பிட்டாச்சா?", "ஆன்ட்டி பசியாறிட்டீங்களா?" என்று போனது. பெரியவர்களும் சிரத்தையாகப் பதில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இடியப்பம் படமாக வந்தது. நாங்கள் பதிலுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கை அனுப்பினோம். நடுவில் யாரோ ஒருவர் கம்பளிப்புழு படம் போட, அன்று பலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி பூச்சியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று நான் மன்னிப்புக் கேட்டேன். சிங்கப்பூர் உறுப்பினர் ஒருவர் எழுதினார்: "வேண்டாம் டீச்சர். இந்தக் குழுவுல இத்தனை வருசமா எல்லாரும் பூச்சி என்னத்தச் சாப்பிடுதுன்னுதான் கேட்டாங்க. நான் சாப்பிட்டேனான்னு இப்பத்தான் கேக்குறாங்க."

மந்திரிச்சுவிடச் சொன்ன அக்கா

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது தர்ஷினியின் அப்பா வந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சீருடையோடு வந்திருந்தார், முகம் சரியில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மோட்டார் சைக்கிள் சாவி காணாமல் போகிறதாம். தேடிப் போனால், டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் மகள் வெறும் சுவரைப் பார்த்துச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்கிறாளாம். மேல்மாடி அக்கா பார்த்துவிட்டு, பிள்ளையைக் கோயிலில் மந்திரித்துவிட்டு வரச் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் அது அடங்கிவிட்டது. முகம் தெரியாத ஆட்களோடு பேசி என்ன ஆகப் போகிறது, கணிதத்தில் மதிப்பெண் குறைகிறது, புதன்கிழமை வேண்டாம் என்றார். தர்ஷினி கதவருகே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை கேள்வி இல்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இன்று இந்த வாயை மூடினால் நாளை நான் கேட்டாலும் திறக்காது. ஒரேயொரு புதன்கிழமை நீங்களும் வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன். அவர் சொன்னார்: "ஒரு தடவ வர்றேன் டீச்சர். எனக்குச் சரியாப் படலன்னா அன்னையோட நிறுத்திரணும்."

தெரியாது என்று சொன்ன அம்மையார்

அந்தப் புதன்கிழமை யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒருவரோடு நேரலையில் பேச்சு. பூச்சிகளையே ஆராய்ச்சி செய்யும் அம்மையார். தர்ஷினியின் அப்பா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சை எழுதுவது நானா அவளா என்று எனக்கே குழப்பம்.

அம்மையார் அழகாக விளக்கினார். பல அந்துப்பூச்சிகளுக்குக் காது உண்டு. வௌவால் வேட்டையாடும்போது எழுப்பும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அவற்றுக்குக் கேட்கும். சாவிகள் உரசும்போது அந்த மாதிரி ஒலியும் சேர்ந்து வரும். வௌவால்தான் வந்துவிட்டது என்று பூச்சி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அப்பாவின் கைக்கட்டு லேசாகத் தளர்ந்ததைப் பார்த்தேன்.

தர்ஷினி விடவில்லை. அதே சுவரில் ஒரு பழுப்புப் பூச்சி சாவிக்கும் அசையவில்லையே, அதற்குக் காது இல்லையா என்று படத்தைக் காட்டினாள். அம்மையார் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தபடி சொன்னார்: "எனக்குத் தெரியாது பிள்ளை. இதை ஆரும் சோதிச்சுப் பாத்ததா நான் அறியேல்லை. நீங்களே பாத்து எங்களுக்குச் சொல்லுங்கோ."

அடுத்த புதனுக்கு முன்

அன்று அப்பா நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இரண்டு நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. சனிக்கிழமை காலை, மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. முதலில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். பின்னால் "அப்பா, இன்னும் கிட்டக்க" என்று தர்ஷினி. பிறகு அவர்: "டீச்சர், படிக்கட்டுல மூனு உக்காந்திருக்கு. ரெண்டு பறந்துருச்சு, பழுப்பு மட்டும் அசையல. அதுக்குக் காது இல்லையா, இல்ல பயம் இல்லையா? பாப்பா கேக்கல, நான்தான் கேக்குறேன்."

ஒரு பிள்ளையின் கேள்விகளைக் குழுவிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். இப்போது குடும்பத்தோடு கேட்கிறார்கள்.