பகிலா போட்ட மணல் பாதை

பகிலா எங்கள் ஜெல்திசாய் ரயில் யார்டுக்கு வந்தது நல்ல வெயில் காலத்தில். யார்டுக்குப் புது வரைபடம் போடும் இன்ஜினியராக அல்மாத்தி நகரத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். வந்ததும் வராததுமாக, வேகன் கோர்க்கும் ஆட்களான எங்களைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் குளிர்காலக் கோட்டை மாட்டிக்கொண்டு வரச் சொன்னாள். ஆட்டுத்தோல் கோட்டும் கம்பளிப் பூட்ஸுமாக, இரண்டு தண்டவாளப் பாதைகளுக்கு நடுவே வியர்த்து வழிய நின்றோம். கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பச் சொன்னாள், குனியச் சொன்னாள், டேப்பால் அளந்துகொண்டே இருந்தாள்.

"ஏன் தங்கச்சி, எங்களுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"யார்டு தைக்கப் போறேண்ணே. விதிப் புத்தகத்துல இருக்கற ஆளு கோட்டே போடறதில்ல. நீங்க மாசக்கணக்கா அதுக்குள்ளதானே கிடக்கறீங்க?"

அப்படித்தான் எங்கள் பாதைகளுக்கு இடையே இடைவெளி அகலமானது. அதற்கு முன்பெல்லாம் வண்டி கடக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்போம். அவள் வந்தபிறகு நடந்தே போனோம்.

அவளுடைய அப்பா மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் இவள்தான். அல்மாத்தியிலேயே உட்கார்ந்து வரைந்து அனுப்பியிருக்கலாம். அவளோ ரயில்வே குடியிருப்பில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். இரண்டு பாதைகள் ஒன்றுசேரும் இடத்தில் எல்லைக் கட்டை ஒன்று நட்டிருப்பார்கள். நிற்கிற வேகனின் மூக்கு அதைத் தாண்டினால் பக்கத்தில் வருகிற வண்டி உரசிவிடும். அந்தக் கட்டைகளில் ஒன்றைக்கூட அவள் அறையில் உட்கார்ந்து முடிவுசெய்யவில்லை. இருப்பதிலேயே நீளமான வேகனை மெதுவாகத் தள்ளச் சொல்லி, கூடவே நடந்து பார்த்த பிறகுதான் குழி தோண்டச் சொல்வாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒராஸ்பாயுக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது காற்றினால். எங்கள் ஊர்க் காற்று ஆளைச் சாய்க்கும்; காலி வேகனைத் தனியாக நகர்த்தும். யார்டோ மெயின் பாதையை நோக்கிச் சற்றே சரிந்திருந்தது. அதனால் யார்டின் வாயிலில் வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் ஒன்று வைத்து, அங்கிருந்து மணல் குவித்த குட்டிப் பாதை ஒன்றைப் பிரித்துவிட்டாள். வேகன் தானாக ஓடினால் மெயின் பாதைக்குப் போகாது. மணலில் போய்ப் புதைந்து நிற்கும். ஆனால் அதற்காக வேகன் நிறுத்தும் இடம் கொஞ்சம் குறைந்தது. ஒராஸ்பாய் கொதித்தார். எங்கள் எதிரிலேயே அவளைத் திட்டினார். தலைமை அலுவலகமும் முகம் சுளித்தது. அவள் அசையவில்லை. என்ன நடந்தாலும் தன்னைக் கேட்கட்டும் என்று சொல்லி, பாதையைப் போட்டு முடித்தாள்.

இரண்டு குளிர்காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஒராஸ்பாய் அதற்கு 'பகிலாவின் கடற்கரை' என்று பெயர் வைத்தார். குளிக்க எப்போது போகலாம் என்று தேநீர் நேரத்தில் அவளிடமே கேட்பார். அவள் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "துண்டு எடுத்துக்கிட்டு வாங்க" என்பாள்.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள் நண்பகலில் காற்று பிடித்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த இரும்புக் கட்டைகள் பனிக்கட்டியில் வழுக்கிவிட்டன. காலி வேகன்கள் வரிசையாக நகரத் தொடங்கின. மெயின் பாதையில் பாசஞ்சர் வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. நாங்கள் கத்தினோம். காற்றில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. வேகன்கள் பாயிண்டில் திரும்பி மணலுக்குள் பாய்ந்தன. முன்னால் போனது கவிழ்ந்து சாய்ந்தது. பின்னால் வந்தவை அதன்மேல் ஏறி நசுங்கின. பாசஞ்சர் வண்டி பக்கத்திலேயே கடந்து போனது. ஜன்னலோரம் ஒருத்தி குழந்தைக்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பகிலா ஓடி வந்தாள். நாங்கள் அவளைத் தூக்கிக் கொண்டாடியிருப்போம். அவளோ எங்களைத் தள்ளிக்கொண்டு சாய்ந்த வேகனிடம் போய், அதன் மூலைக்கும் அடுத்த சரக்குப் பாதைக்கும் நடுவே டேப்பைப் பிடித்தாள். அந்தப் பாதையில் எதையும் விடக்கூடாது என்று கைகாட்டினாள்.

அடுத்த வாரம் விசாரணை. வந்த அதிகாரிக்கு நசுங்கிய வேகன்கள்தான் கண்ணில் பட்டன. இந்த மணல் பாதை இல்லாமல் இருந்திருந்தால் வேகன்கள் உடைந்திருக்குமா என்று கேட்டார்.

பதில் ஒராஸ்பாயிடமிருந்து வந்தது. "உடைஞ்சிருக்காதுங்க. பாசஞ்சர் வண்டிதான் உடைஞ்சிருக்கும். நான் இது வேணாம்னு சண்டை போட்டவன். என்னைக் கேளுங்க, சொல்றேன்."

அதிகாரி தாள்களை அடுக்கத் தொடங்கினார். அத்தோடு முடிந்திருக்கும். பகிலா எழுந்தாள்.

"மணல் பாதையில ஒரு தப்பு இருக்குங்க. நான் பண்ணின தப்பு. வேகன் நேரா நிக்கும்னு வெச்சு இடைவெளி விட்டேன். சாயும்னு நினைக்கல. பக்கத்துச் சரக்குப் பாதைக்கு ஒரு கை அகலம்தான் மிச்சம் இருந்தது. முனையை வெளிப்பக்கமா வளைச்சுப் போடணும்."

நான் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "கேட்காததை எதுக்கும்மா சொல்றே?" என்று முணுமுணுத்தேன்.

"அடுத்த தடவை அந்தச் சரக்குப் பாதையில வண்டி நிக்குமேண்ணே" என்றாள், சத்தமாகவே.

அவளுக்குக் கண்டனக் கடிதம் கிடைத்தது. அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மணல் பாதையை வளைப்பதற்கும் அனுமதி கிடைத்தது. பனி உருகியதும் வேலை தொடங்கினோம். ஒராஸ்பாய் தானே வந்து ஸ்லீப்பர் கட்டைக்குத் தோள் கொடுத்தார். முதுகு பிடித்துக்கொண்டதால் மதியமே உட்கார்ந்துவிட்டார். பகிலா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு காலி வேகனின் பக்கவாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதை வேகன் கவிழ்வதுபோலச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, இன்னும் சாயுங்கள், இன்னும் சாயுங்கள் என்றபடி டேப்பைப் பிரித்தாள்.