குங்குமம் அப்பிய துப்பாக்கி

எங்கள் மாமா ஹைதராபாத்துக்கு விமானம் ஏறியது என்னால்தான். இதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். பட்டாளத்திலிருந்து திரும்பி, புத்தலப்பட்டுப் பக்கம் வேர்க்கடலை போட்டவர். காட்டுப்பன்றியை மிரட்ட லைசென்ஸ் வாங்கி ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதனால் ஒரு பன்றியும் செத்ததாக நினைவில்லை. சொந்தத் துப்பாக்கியோடு வந்தால் ஹைதராபாத்தில் ஒரு பேங்கில் காவல் வேலை என்று சொல்லியனுப்பினார்கள். டிக்கெட்டும் அவர்களே போட்டார்கள். மறுநாள் காலை சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"துப்பாக்கிய தூக்கினு போய்ட்டா இங்க பன்னிய யாரு ஓட்டுவா?" என்று அத்தை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பன்றி விஷயத்தில் அவளுக்கு அப்படி ஓர் அக்கறை.

வழியனுப்ப ரேணிகுண்டாவுக்கு நானும் தொற்றிக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது. விமான நிலைய வாசலில் போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தோட்டா தனி, துப்பாக்கி தனி, எல்லாம் சரி. லைசென்ஸில் இருந்த நம்பரைத் துப்பாக்கியில் தேடினார். "நெம்பர் எக்கட?" என்று தெலுங்கில் எங்கே என்று கேட்டார். எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பி, எண்ணெயில் ஊறி, அந்த இடமே இறுகிக் கிடந்தது. கடைசி மூன்று பூஜைக்கும் அப்பியவள் நான்தான்.

"நெம்பர் தெரியலன்னா உள்ள வுடமாட்டாங்களாம். சீக்கிரம் தொடைடி!" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, மாமா லைசென்ஸும் கையுமாகப் போலீஸ்காரரிடம் கெஞ்சப் போனார்.

அத்தை பெட்டியருகே உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அடிப்பிடித்த சட்டியை ஒரு நொடியில் பளபளவென்று ஆக்குகிறவள், அன்று கைக்குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் தடவிக்கொண்டிருந்தாள். "போவ மாட்டேங்குதே" என்றாள். நேரம் ஓடியது. மாமாவின் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு அத்தை!" என்று துப்பாக்கிமேல் துப்பி, பாவாடை ஓரத்தால் பரபரவென்று தேய்த்தேன்; ஊக்கால் சுரண்டினேன். ஒவ்வோர் எண்ணாக வெளியே வந்தது. போலீஸ்காரரே சிரித்துவிட்டார். "எம்மா, நீதான் என் வேலைய காப்பாத்தன!" என்று மாமா என் தலையைத் தடவிவிட்டு ஓட்டமாக உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே குஷி. அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முறுக்கை நீட்டினேன். "நீயே துன்னு" என்றாள். பூஜை போட்ட சாமான்மேல் எச்சில் துப்பிவிட்டேனே, அந்தக் கோபம்தான் என்று நினைத்து, ஊர் வரும்வரை கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தேன்.