அம்மியடியில் நாலு ஞாயிறு

கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலைப் பார்த்து நின்ற அந்தப் பெரிய வீடு இடிந்து மண்ணாகட்டும் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, அந்த வீட்டைப் பார்க்க ஊர் திரண்டு வந்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், என்னைப் போல சந்தோஷமாக இருந்தவர்கள் ராயபுரத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கப்பல் வைத்து வியாபாரம் செய்த ஒரு துரை கட்டிய வீடு அது. துரை செத்து நூறு வருஷம் ஆகிவிட்டது என்பார்கள். கை மாறி மாறிக் கடைசியில் மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த ஒரு வக்கீலிடம் வந்து சேர்ந்தது. அவர் அதில் குடியிருக்கவில்லை. என் நைனாவைக் காவலுக்கு வைத்து, கொல்லையில் தனியாக நின்ற பழைய சமையற்கட்டில் எங்களைத் தங்க விட்டார். நைனா இரவு பகலாகக் காவல் இருந்தார். அம்மா இரண்டு மாடியையும் பெருக்கித் துடைத்தாள். இந்த இரண்டு பேர் உழைப்புக்கும் கிடைத்தது அந்தப் புகை பிடித்த ஒற்றை அறையும் மாதத்துக்கு ஒரு மூட்டை அரிசியும்தான்.

வக்கீலுக்கும் அவருடைய சிநேகிதர்களுக்கும் பழைய பொருள்கள் மேல் பிரியம். அதற்கென்று ஒரு சபை வைத்திருந்தார்கள். வெயில் தணிந்து பெருமழை பிடிப்பதற்குள் கிடைக்கிற நாலு வாரத்தில், புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை, ஞாயிறு தோறும் வீட்டைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வரலாம். முன்கூடத்தில் நாற்காலி போட்டு முதலில் பிரசங்கம். காலேஜில் பாடம் சொன்ன ஒரு பெரியவர், சரிகைத் தலைப்பாகை கட்டியவர், ஒரு மணி நேரம் இங்கிலீஷிலும் கால் மணி நேரம் தமிழிலும் பேசுவார். பிறகு துரை படுத்த கட்டில், துரை எழுதிய மேஜை, மாடியிலிருந்து தெரிகிற கடல் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, பின்படி வழியாக இறக்கிக் கொல்லைக்கு அழைத்து வருவார். கடைசியாகச் சமையற்கட்டு. அதாவது எங்கள் வீடு.

முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் வக்கீலின் குமாஸ்தா வந்தார். எங்கள் தகரப் பெட்டி, அரிக்கன் விளக்கு, மண்ணெண்ணெய் டின், சுவரில் மாட்டியிருந்த முருகன் படம், என் சிலேட்டு எல்லாவற்றையும் மூலையில் தள்ளி முன்னால் கோணியைத் தொங்கவிடச் சொன்னார். துரை காலத்தில் இதெல்லாம் கிடையாதாம். அதற்குப் பதிலாக வக்கீல் வீட்டிலிருந்து இரண்டு பித்தளை அண்டா வந்து இறங்கியது.

"நீ அம்மியாண்ட உட்கார்ந்து மசாலா அரைச்சுக்கிட்டே இரு. யாராவது ஏதாவது கேட்டா வாயைத் திறக்காதே. அந்தக் காலத்துல எப்படி இருந்துதோ அப்படி இருக்கணும்" என்றார் குமாஸ்தா.

"அந்தக் காலத்துல வாயி இல்லியா?" என்று கேட்டாள் அம்மா.

குமாஸ்தா சிரித்துவிட்டுப் போனார். நைனா சிரிக்கவில்லை.

முதல் ஞாயிறு எனக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டார் கார் இரண்டு, ஜட்கா எத்தனை என்று எண்ண முடியாது. கொல்லையில் இருந்த நாட்டு வாதுமை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கட்டில் அறையின் ஜன்னலும் தெரியும், எங்கள் வாசலும் தெரியும். கட்டிலை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், அம்மாவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். கட்டிலுக்கு முப்பது எண்ணுவதற்குள் நகர்ந்துவிட்டார்கள். அம்மாவிடம் நூறைத் தாண்டியது. ஒரு தடவை நூற்றி எண்பது. நான் மரத்திலேயே கைதட்டினேன்.

பெரியவர் கைத்தடியால் அம்மியைக் காட்டி, அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிற அம்மி என்றார். பச்சைப் பொய். தெரியாமல் சொன்னாரோ தெரிந்து சொன்னாரோ, பொய் பொய்தான். அது அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா திருவொற்றியூரிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய அம்மி. பிற்பாடு நாங்கள் அந்த இடத்தை விட்டுப் போனபோது, அது வீட்டுச் சொத்து என்று சொல்லி எடுக்க விடவில்லை. காலேஜில் படித்தவர் சொன்னதை கைநாட்டு வைக்கிறவன் மறுக்க முடியுமா?

அன்று சாயங்காலம் அம்மாவிடம் ஓடினேன். "கட்டிலவிட உன்னியத்தாம்மா எல்லாம் ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தாங்க" என்றேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் மிளகாய் அரைத்த கை. "கட்டிலுக்கு எரியாதுல்ல" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் தெருப் பிள்ளைகளை அழைத்துவந்து நானே வீட்டைச் சுற்றிக் காட்டினேன். அம்மா பெருக்கப் போகும்போது கதவு திறந்திருக்கும். ஆளுக்கு ஒரு இலந்தைப்பழம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவேன். துடைப்பக் குச்சிதான் என் கைத்தடி. "இது தொரை பட்துகினு இருந்த கட்டிலு. யாரும் தொடாத. தொட்டா தொரை எய்ந்து வருவாரு" என்பேன். ஒருத்தன் தொட்டான். துரை எழவில்லை. அவன் தன் இலந்தைப்பழத்தைத் திருப்பிக் கேட்டான். நான் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு முடிந்ததும் பெரியவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். குமாஸ்தா அதை நைனாவிடம் சொன்னார். அம்மா போட்டிருந்த ரவிக்கை காலத்துக்குப் பொருந்தவில்லையாம். துரை வீட்டுச் சமையற்காரி ரவிக்கை போட்டிருக்க மாட்டாளாம். அடுத்த வாரம் அது இருக்கக் கூடாது.

அம்மாவிடம் இருந்தது இரண்டே ரவிக்கை. கட்டம் போட்ட துணி வாங்கி அவளே கையால் தைத்தது. அவளைப் பெற்றவள் கடைசி வரைக்கும் ரவிக்கை போட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் போட்டது அம்மாதான். இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் பிரசங்கத்தில் சேர்த்திருப்பார்.

மூன்றாம் ஞாயிறு அம்மா பழைய புடவையைத் தோளைச் சுற்றி இறுக்கி இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அரைக்கும்போது புடவை நழுவும். ஒரு கையால் இழுத்துவிட்டு ஒரு கையால் குழவியைத் தள்ளுவாள். எனக்கு மரத்தில் எண்ணிக்கை முக்கியம். அன்று இருநூறுக்கு மேல் போனது. ஒரு கூட்டம் போய்விட்டு மறுபடியும் வந்து பார்த்தது. நான் குதித்தேன்.

அன்றைக்குத்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தன் தோஸ்துகள் இரண்டு பேரோடு, மூன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று வந்தார். வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்குச் சிரிப்பு.

"இன்னாக்கா, தெனிக்கும் சும்மா பாக்குற மூஞ்சி, இன்னிக்கி டிக்கெட்டு வாங்கிகினு பாக்கணுமா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குள் மாமா அம்மாவின் தோளைப் பார்த்துவிட்டார். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. சிநேகிதர்கள் இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. மாமா ஏன் சாப்பிடாமல் போகிறார் என்று மரத்திலிருந்து கத்திக் கேட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாம் ஞாயிறுதான் கடைசி. யாரோ பெரிய உத்தியோகத்தில் இருக்கிற துரையின் சம்சாரம் வருகிறாள் என்று வாசலில் மாவிலை கட்டினார்கள். காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. அம்மா குளித்து, கட்டம் போட்ட ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டாள்.

"நான் ஒக்கார மாட்டேன்" என்றாள்.

"இன்னிக்கி ஒரு நாளு தானே" என்றார் நைனா.

"நீ போய் ஒக்காரு. சொக்காய அவுத்துட்டு ஒக்காரு. நல்லா பாப்பாங்க."

நைனா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மய வந்துகினு கீது. இங்கேர்ந்து தொரத்திட்டான்னா புள்ளய இட்டுகினு எங்க போவ?" என்று கேட்டார். அவர் அதட்டவில்லை. கெஞ்சினார். நைனா கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

"ரோட்ல குந்திகினு இருப்பேன். ரவிக்கையோட குந்திகினு இருப்பேன்" என்றாள் அம்மா.

குமாஸ்தா ஓடி வந்தார். துரைசானி மாடி ஏறிவிட்டாளாம். இன்னும் கால் மணியில் கீழே வந்துவிடுவாளாம். அம்மிக்கு முன்னால் யாரும் இல்லாததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "ராத்திரிக்குள்ள காலி பண்ணிக்கோ" என்று நைனாவிடம் சொன்னார்.

எனக்கோ இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது. "நான் ஒக்கார்றேன்" என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே ஓடி, அம்மாவின் பழைய புடவையைப் பாவாடை சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். குழவி என்னால் தூக்க முடியாத கனம். முன்னும் பின்னும் உருட்டத்தான் முடிந்தது.

கூட்டம் வந்தது. துரைசானி தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். பெரியவர் கைத்தடியை நீட்டி அம்மியின் வயதைச் சொல்ல ஆரம்பித்தார். அத்தனை கண்ணும் என் மேல். ஒரு வாரம் இலந்தைப்பழத்துக்குப் பிரசங்கம் செய்தவள் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"இது தொரை அம்மி இல்ல. எங்க தாத்தா வாங்கி அனுப்ச்சது. அந்த அண்டா ரெண்டும் வக்கீலு வூட்து. எங்க சாமானு எல்லாம் கோணிக்குப் பின்னால கீது" என்று கோணியைத் தூக்கிக் காட்டினேன். முருகன் படம், டின், சிலேட்டு எல்லாம் தெரிந்தன. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

கூட்டத்தில் ஒருவர், "அப்ப தெனிக்கும் அரைக்கிறது யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்கம்மா. தோ, கெணத்தாண்ட நிக்கிது பாரு. ரவிக்கைய அவுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுச்சி."

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் கிணற்றுப் பக்கம் திரும்பியது. அம்மா நகரவில்லை. புடவையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கி வந்த ஒவ்வொரு முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் குனிந்தது பெரியவரின் தலைப்பாகை. பிறகு ஒவ்வொருவராக மேகத்தைப் பார்த்தார்கள், மழை வரும் போலிருக்கிறது என்றார்கள், நகர்ந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று துரைசானி கேட்டிருப்பாள் போல. பெரியவர் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். அவள் சிரித்து என் கையில் ஒரு பெப்பர்மெண்ட் வைத்தாள். நான் சொன்னதை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

குமாஸ்தா சொன்னபடி அன்றே துரத்தவில்லை. துரைசானிக்கு என்னைப் பிடித்துப்போனதால் மழைக்காலம் முடிகிற வரைக்கும் விட்டார்கள். தை மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு குச்சு வீட்டுக்குப் போனோம், அம்மி இல்லாமல்.

அந்த நாலாம் ஞாயிறு விளக்கு வைத்ததும் அம்மா என்னைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தாள். ஒரு கை உப்பு, ஏழு மிளகாய், வாசல் மண் கொஞ்சம். "வந்தவன் கண்ணு, போனவன் கண்ணு, தொப்பி போட்டவன் கண்ணு, தலப்பா கட்னவன் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை சுற்றினாள். துப்பச் சொன்னாள். துப்பினேன். அடுப்பில் கொட்டினாள். திருஷ்டி இல்லையென்றால் மிளகாய் நெடி தொண்டையைப் பிடுங்கும் என்பார்கள். எனக்கு இருமலே வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. அத்தனை பேர் கண்ணும் என் மேல் பட்டிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பெப்பர்மெண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாளைக்குத் தெருவில் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நைனா வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா சட்டியில் மிச்சமிருந்த உப்பைக் கையில் அள்ளிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு திரும்பவும் சட்டியிலேயே போட்டு மூடினாள். மூன்று ஞாயிறு அங்கே உட்கார்ந்தவள் அவள். திருஷ்டியைத் தனக்குத்தானே சுற்றிக்கொள்ள முடியாது. யாராவது ஒருத்தர் எதிரே நிற்க வேண்டும். நான் பெப்பர்மெண்டைச் சப்பிக்கொண்டு அவள் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.